இடப்பக்கம் மட்டும் திரும்பும் சைக்கிள்

பிலோமின்ராஜ் என்ன பண்ணுகிறான் என்று திருச்சி பாலக்கரையில் யாரைக் கேட்டாலும், "சுத்துறான்" என்று சொல்வார்கள். கேட்டவர் பெண் வீட்டுக்காரராக இருந்தால் அதோடு எழுந்து போய்விடுவார். இரண்டு வரன் அப்படித்தான் போனது. சொன்னவர்கள் மேல் தப்பில்லை. அவன் தொழிலே அதுதான்.

ஏதாவது ஒரு ஊரில் மைதானத்தின் நடுவே கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, மேலே குழாய் ஸ்பீக்கர் வைத்து, அந்தக் கம்பத்தை ஏழு நாள், இரவும் பகலும் சைக்கிளில் சுற்றுவான். கால் தரையில் படக் கூடாது. சட்டம் அது ஒன்றுதான். கம்பத்தில் கை வைத்துச் சாய்ந்து கண்ணை மூடலாம். சைக்கிளில் இருந்தபடியே குளிக்கலாம், சவரம் பண்ணலாம், சட்டை மாற்றலாம். மற்றதெல்லாம் எப்படி என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். அதற்கு நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் மைக்கில் பக்திப் பாட்டு ஓடும்.

மைக் கலீலுடையது. பிலோமின்ராஜும் அவனும் ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஏழாவதில் ஒரே நாளில் ஃபெயில். "சாதனை வீரர் பிலோமின்ராஜ் அவர்கள் இதோ நான்காவது நாளாக" என்று கலீல் அடிவயிற்றிலிருந்து இழுத்தால், வண்டி மாட்டுக்காரன்கூட மாட்டை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பான். பையன்கள் வாழைப்பழத் தோல் எறிவார்கள். கயிற்றைக் குறுக்கே போடுவார்கள். "அண்ணே, உங்க வீட்டுல தீப்பிடிச்சிடுச்சாம்" என்பார்கள். பிலோமின்ராஜ் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவான். அவனைக் கீழே இறக்க யாராலும் முடிந்ததில்லை.

கம்பத்தை எப்போதும் இடப்பக்கம் வைத்தே சுற்றுவான். ஏன் என்று அவனுக்கே தெரியாது, முதல் நாள் அப்படி வந்தது, அப்படியே நின்றுவிட்டது. பத்து வருஷத்தில் சைக்கிளின் ஹேண்டில்பாரே ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது. தெருவில் ஓட்டும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்புவான் என்று பாலக்கரையில் ஒரு கேலி உண்டு. பாதி உண்மை.

எழுபத்தைந்தில் ஸ்ரீரங்கத்தில் சுற்றினான். கொள்ளிடக் கரைப் பக்கம் மைதானம். வேதாந்தம் ஐயங்கார் என்று ஒருவர் தினம் சாயங்காலம் வந்து கைகட்டி நின்று பார்ப்பார். மூன்றாம் நாள் கேட்டார்: "ஏண்டாப்பா, பிரதட்சணம்னா வலமான்னா வரணும். நீ அப்பிரதட்சணமா சுத்தறயே. அது செத்துப்போனவாளுக்குப் பண்றது." அடுத்த சுற்றில் பிலோமின்ராஜ் வரும்வரை காத்திருந்து மீதியைச் சொன்னார்: "அதுவும் போகட்டும். நடுவுல பெருமாளையும் காணோம். யாரைடா சுத்தறே?"

"கம்பத்தைத்தாங்க சாமி."

"நன்னாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். கலீல் அதை மைக்கில் சொல்லிக் கூட்டத்தையே சிரிக்க வைத்தான். பிலோமின்ராஜும் சிரித்தான். ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி சைக்கிள் கூடவே வந்தது.

அவன் அம்மா வியாகுலம்மாள் கான்வென்ட்டில் துணி துவைக்கிறவள். மகன் சுற்றுவதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள், பாலக்கரையிலேயே நடந்தபோது. "தலை கிறுகிறுங்குதுடா" என்று முதலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து சோற்றைப் பிசைந்துகொண்டு வட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு சுற்றுக்கு ஓர் உருண்டை. அவன் வாயைத் திறந்துகொண்டு வருவான், அவள் கையை நீட்டுவாள். பதினாலு சுற்றில் சாப்பாடு முடிந்தது. கடைசியில் முந்தானையால் அவன் வாயைத் துடைக்க ஒரு சுற்றுக் கூடுதலாக வரச் சொன்னாள்.

எழுபத்தெட்டு மாசியில் வையம்பட்டியில் சுற்றினான். ஐந்தாம் நாள் சாயங்காலம் தந்திச் சேவகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கலீல் கையில் காகிதத்தைக் கொடுத்தார். அக்கா இருதயமேரி அடித்த தந்தி. கலீல் மைக்கை அணைத்துவிட்டு சைக்கிள் பக்கத்திலேயே ஓடினான்.

"மாப்ளே, அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். உடனே வரச் சொல்லி அக்கா அடிச்சிருக்கு."

"எப்ப அடிச்சது?"

"மத்தியானம். இறங்குடா. ஏழு மணிக்கு ரயில் இருக்கு."

பிலோமின்ராஜ் ஒரு சுற்றுப் போனான். கலீல் நின்ற இடத்தில் நின்றான். வட்டத்துக்கு வெளியே ஊரே உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு முன்பு இரண்டு தடவை இப்படித்தான் முடியாமல் போய், இரண்டு தடவையும் அவள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். இன்னும் இரண்டே நாள். இதெல்லாம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சொல்லிக்கொள்ளாதது ஒன்று இருந்தது. சைக்கிளின் மேலே இருந்தால்தான் அவன் சாதனை வீரர். இறங்கினால், வலப்பக்கம் திரும்பத் தெரியாத, ஏழாவது ஃபெயிலான பிலோமின்ராஜ்.

"மடிச்சு பாக்கெட்ல வைடா" என்றான்.

கலீல் வைத்தான். பிறகு போய் மைக்கைப் போட்டான். அன்றைக்கு அவன் குரல் சரியாக ஏறவே இல்லை. எங்கிருந்தோ எதிரொலி மாதிரி வந்தது.

ஏழாம் நாள் மாலையெல்லாம் போட்டு இறக்கிவிட்டார்கள். அடுத்த ரயிலில் பாலக்கரைக்கு வந்தார்கள். முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டில் மெழுகுவர்த்தி வாசனையும் கழுவிவிட்ட தரையும்தான் இருந்தன. இருதயமேரி அழுது முடித்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே பிலோமின்ராஜ் சொல்லிவிட்டான்:

"தந்தியே என் கையில வரலக்கா. இப்பத்தான் சொன்னான்."

பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலீல் நின்றான். சின்ன வயதில் பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பிட்டவன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வியாகுலம்மாள் அதிரசத்தை எண்ணாமல் அள்ளிக் கொடுத்தது அவனுக்கு மட்டும்தான். பெட்டியைக் கீழே வைக்காமலேயே நின்றான். ஏதாவது சொல்வான் என்று பிலோமின்ராஜ் பயந்தான். அவன் சொல்லவில்லை.

"நீயெல்லாம் மனுஷனாடா?" என்று இருதயமேரி கலீலைப் பார்த்துக் கேட்டாள். "எங்கம்மா கையால தின்னவன்தானே நீ."

கலீல் பெட்டியோடு திரும்பிப் போனான். அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிலோமின்ராஜோடு மட்டும் பழக்கத்தை விடவில்லை. டீக்கடையில் பார்ப்பார்கள், பேசுவார்கள். அந்தப் பேச்சு மட்டும் வராது. இருதயமேரி டீச்சர். அந்த வருஷமே பச்சைமலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மலை மேலே பதினாறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஓர் ஓட்டு அறை. தம்பிக்கு மாதம் ஒரு கடிதம் போடுவாள். அதில் கலீல் பேர் வராது. ஒரே ஒரு தடவை, "அந்தப் பாவியோடு இன்னும் சேருகிறாயா?" என்று எழுதியிருந்தாள். பிலோமின்ராஜ் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டான். அதன் மேலேதான் உட்கார்ந்து சுற்றினான்.

எண்பத்திரண்டில் கலீலுக்கு சவுதிக்கு விசா வந்தது. யாருக்கும் மைக்கில் கத்த வேண்டாத வேலை. டீக்கடையில் உட்கார்ந்து சொன்னான்.

"அடுத்த மாசம் பம்பாய்க்கு ரயில் ஏறுறேன்டா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன். உங்க அக்காகிட்ட மட்டும் எந்த மூஞ்சியோட போறதுன்னு தெரியல."

பிலோமின்ராஜ் டீயை ஊதினான்.

"ஆறிப்போன டீயை எதுக்குடா ஊதுறே?" என்றான் கலீல். "நாலு வருஷம் நான் தூக்கிட்டேன். சவுதிக்கு முப்பது கிலோதான் விடுவானாம். இதையும் சேத்துக் கட்ட முடியாது."

அவ்வளவுதான் சொன்னான். அவனே பிலோமின்ராஜின் சைக்கிளைத் திருப்பிப் போட்டு, பத்து வருஷமாக இல்லாத பிரேக்கை மாட்டிக் கொடுத்தான். மலையில் எங்கே போய் நிற்பது என்று தெரிய வேண்டாமா என்றான்.

புரட்டாசி சனிக்கிழமை. சைக்கிளை பஸ் மேலே போட்டுத் துறையூர் போய், அங்கிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்த லாரியில் மலை ஏறினான். லாரி நிற்கிற இடத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை பிரியும். அது காட்டுக்குள் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பாதி வழியில் பள்ளிக்கூடத்தைத் தொட்டு, மறுபக்கமாக அதே இடத்துக்கு வந்து சேரும். மொத்தம் எட்டு மைல். அக்கா கடிதத்தில் எழுதியிருந்தாள். லாரி டிரைவர் சைக்கிளையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"நடந்து போனாலே வழுக்குற பாதைங்க."

"நமக்கு இதான் தொழிலுங்க."

மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். உட்காரும்போதே மனசுக்குள் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டான். கால் தரையில் படாமல் அக்கா வாசல் போய்ச் சேர்ந்தால் சொல்லிவிடுவது. கால் பட்டால் திரும்பிவிடுவது. யாரிடம் பேரம் பேசினான் என்று கேட்டால் மாதாவிடம் என்பான். மாதா கேட்டுக்கொண்டாளா என்பது வேறு விஷயம். உள்ளுக்குள் பாதி ஆசை, முதல் மைலிலேயே விழுந்துவிட வேண்டும் என்று.

விழவில்லை. பாதை ஒரு முழம் அகலம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. வேரும் கல்லும் வழுவழுவென்று கிடந்தன. மலை முன்னால் துருத்தி நிற்கிற இடங்களில் பாதை இடப்பக்கம் வளையும். அங்கெல்லாம் அவன் கை தானாகத் திரும்பியது, வையம்பட்டி மைதானம் மாதிரி. ஓடை வருகிற இடங்களில்தான் சிக்கல். பாதை மலை மடிப்புக்குள் நுழைந்து, தண்ணீரைத் தாண்டி, வெடுக்கென்று வலப்பக்கம் ஒடியும். முதல் ஓடையில் சைக்கிள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போய் மூங்கில் புதரில் முட்டியது. கால் இறங்கப் போன நேரத்தில் கை ஒரு மூங்கிலைப் பிடித்துவிட்டது. கை படலாம். கம்பத்தில் கை வைப்பது சட்டத்தில் உண்டு. அந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து வலப்பக்கம் திரும்பினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கால் மட்டும் படவில்லை.

சில இடங்களில் மரங்கள் விலகிக் கீழே சமவெளி தெரிந்தது. துறையூர் ஏரி சில்லுச் சில்லாக மின்னியது. அதற்கும் அப்பால் வெறும் புகைமூட்டம், திருச்சி அதற்குள் எங்கேயோ இருந்தது. வேறு ஒருவனாக இருந்தால் நின்று பார்த்திருப்பான். இவனுக்கு நிற்கிற வழியில்லை. பார்த்ததெல்லாம் போகிற போக்கில் பார்த்ததுதான். பிறகு மேகம் இறங்கி அதையும் மூடியது. கடுக்காய் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. ஒரு குரங்கு கிளையில் உட்கார்ந்து, மைதானத்தில் ஜனங்கள் பார்ப்பது போலவே பார்த்தது. அதுகூடக் கை தட்டவில்லை.

வாய் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தது. 'அக்கா, கலீல் மேல தப்பில்ல.' வேண்டாம். 'அக்கா, அன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு.' அதுவும் வேண்டாம். ஆறு ஓடை தாண்டியாகிவிட்டது. ஆறிலும் ஏதாவது ஒரு மரம் கை கொடுத்தது. காடே சேர்ந்து அவனை விழவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

திடீரென்று சாமை வயல் வந்தது, அதற்கு அப்பால் ஓட்டுக் கூரை. பள்ளிக்கூட முற்றத்தின் நடுவே ஒரு கொடிக்கம்பம் இருந்தது. சைக்கிள் தானாக அதை இடப்பக்கம் வைத்துச் சுற்ற ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு இருதயமேரி வெளியே வந்தாள். நாலு வருஷத்தில் முன்தலை நரைத்திருந்தது. யாரென்று தெரிந்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் எதிர்பார்க்கவில்லை.

"டேய், நீயா? இந்தக் காட்டு வழியிலயாடா வந்தே? கிறுக்குப்பயலே, கையெல்லாம் ரத்தம். இறங்குடா."

"இரு அக்கா. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு இறங்குறேன்."

"இறங்கிச் சொல்லேண்டா. எனக்குத் தலை சுத்துது. அம்மா மாதிரி." உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். வட்டத்துக்குள் ஓரமாக நின்று, அவன் வருகிற வழியில் கையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளாமல் தாண்டிப் போனான்.

"கலீல் சவுதி போறான்."

"போகட்டும். அவன் பேச்சு எதுக்கு இப்ப?"

ஒரு சுற்று.

"அந்தத் தந்தி, அக்கா."

"எந்தத் தந்தி?" என்று கேட்டுவிட்டு அவளே நிறுத்தினாள். சொம்பு நீட்டினபடியே இருந்தது.

"கலீல் மறைக்கல. படிச்சுக் காட்டினான். கூடவே ஓடி வந்து படிச்சான்." அவன் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். மறுபடி முகம் வந்தபோது மீதியைச் சொன்னான். "நான்தான் மடிச்சு வைக்கச் சொன்னேன்."

அதுவரை அவனோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்த இருதயமேரி திரும்புவதை நிறுத்தினாள். அவன் அவள் முதுகுக்குப் பின்னால் போனான், முன்னால் வந்தான், மறுபடி பின்னால் போனான்.

"எப்ப வந்துச்சு தந்தி?" நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சாம் நாள் சாயங்காலம்."

"மறுநாள் காலையில பத்து மணி வரைக்கும் உசுரு இருந்துச்சுடா."

சங்கிலி மட்டும் கிறீச் கிறீச்சென்றது.

"நாலு வருஷம் அந்தப் பிள்ளையைச் சபிச்சிருக்கேன். தினம் ஜெபத்துல உக்காந்து சபிச்சிருக்கேன்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். பிறகு, "இறங்கு" என்றாள்.

இறங்கினான். ஈர மண்ணில் இரண்டு காலும் பட்டன. அவள் குனிந்து அந்தக் கால்களையே பார்த்தாள், ரொம்ப நேரம். ஊனமான பிள்ளையின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இப்ப மட்டும் எப்படிடா இறங்குது?" என்றாள்.

சொம்பைக் கொடிக்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிலோமின்ராஜ் முற்றத்திலேயே நின்றான். உள்ளே அடுப்பில் ஏதோ வேகிற வாசனை வந்தது. தனக்கும் சேர்த்து வைத்த உலையா, முன்பே வைத்ததா என்று யோசித்தான். அதுவும் தீய்ந்துபோகிற வாசனையாக மாறியது. யாரும் போய் அதை இறக்கவில்லை. தண்ணீரைக் குடிக்கலாமா என்று பார்த்தான். குடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

மீதிச் சுற்று நாலு மைல். ஏறி உட்காரவில்லை. ஓடை வந்த இடத்தில் வலப்பக்கம் திரும்புவது நடந்து போகிறவனுக்கு ஒரு பாடாகவே இல்லை. அது அவனுக்கு என்னவோ போலிருந்தது. இறக்கத்தில் இரண்டு தடவை வழுக்கி உட்கார்ந்தான். வையம்பட்டி ஸ்டேஷனுக்கு மைதானத்திலிருந்து கால்நடையாகப் பத்து நிமிஷம்தான் என்று ஞாபகம் வந்தது. ஏழு மணி ரயில். அதைப் பற்றி நாலு வருஷத்தில் இன்றைக்குத்தான் இவ்வளவு நேரம் யோசித்தான். மழைத் தூறல் விழுந்தது. லாரி நிற்கிற இடத்துக்கு வந்தபோது டிரைவர் பீடியைக் கீழே போட்டார்.

"என்னங்க, தள்ளிக்கிட்டு வர்றீங்க? பஞ்சரா?"

"ஆமாங்க" என்றான். ஒரு பொய்யை இறக்கி வைத்துவிட்டு வருகிற வழியிலேயே இன்னொன்று.

கலீலிடம் சொன்னான். கலீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்.

"இறங்கிச் சொன்னியா, சுத்திக்கிட்டே சொன்னியா?"

பிலோமின்ராஜ் கிழிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"உன்னைத் திருத்த அல்லாவாலதான் முடியும்" என்றான் கலீல்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம். மறுநாள் பம்பாய்க்கு ரயில். டீக்கடையில் கலீல் சட்டைப் பையிலிருந்து ஓர் இன்லண்டு லெட்டரை எடுத்து மேஜையில் வைத்தான். டீச்சர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதினது மாதிரி இருந்தது.

'அன்புள்ள தம்பி கலீலுக்கு, அக்கா எழுதுவது. அன்றைக்கு உன்னைக் கேட்டது தப்பு. நீ பதில் சொல்லாமல் போனாய். அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாள். கிறிஸ்துமஸுக்கு அதிரசம் செய்து அனுப்ப உன் சவுதி விலாசத்தை எழுது. கெட்டுப்போகாமல் வந்து சேருமா என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாகப் போய்ச் சேர்.'

பிலோமின்ராஜ் இரண்டு தடவை படித்தான். அவன் பேர் எங்கேயும் இல்லை. நன்றாக இருக்கிறானா, வந்து சேர்ந்தானா, ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கு வருகிற மாதக் கடிதமும் இந்த மாதம் வரவில்லை.

"திருப்பிப் பாருடா" என்றான் கலீல்.

மடிப்பின் ஓரத்தில், ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தாள். 'பள்ளிக்கூடத்துக்கு வருகிற காட்டு வழி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ரொம்ப வழுக்கும். அந்த மாதங்களில் யாரும் அந்த வழியாக வர வேண்டாம்.'

பிலோமின்ராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும்னா?" என்றான்.

"யாரும்னா யாரும்தான். எனக்கென்ன தெரியும்? நான் சவுதி போறவன்." கலீல் லெட்டரை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "போறதா இருந்தா நடந்து போ. சைக்கிளை எடுத்துட்டுப் போனே, அக்கா கதவைத் திறக்காது. நான் அக்காவா இருந்தாலும் திறக்க மாட்டேன்."

மறுநாள் ஜங்ஷனில் ரயில் கிளம்பும்வரை பிலோமின்ராஜ் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்தான். வண்டி வேகம் எடுத்ததும் விட்டுவிட்டான். அந்த வருஷம் லால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் சுற்றக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டான். சைக்கிள் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து நின்றது, ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பினபடி. வெளியே மழை விடாமல் பெய்தது. தை பிறக்க இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.